வெள்ளம் புகுந்த வீட்டில் ஒரு ஸ்டூடியோவின் நெகட்டிவ்கள்: கடலூர் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் 1950-களின் நடுவில் தொடங்கி 1990-களின் கடைசி வரை ஓடிய ஒரு ஸ்டூடியோவின் நெகட்டிவ்கள் இவை. கடையை மூடும்போது உரிமையாளர் கேமராவையும் விளக்குகளையும் விற்றுவிட்டார். நெகட்டிவ்களையும் ரிஜிஸ்டரையும் மட்டும் தென்பெண்ணைக் கரையை ஒட்டிய தன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவர் காலத்துக்குப் பிறகு மகன் குடும்பம் அவற்றைத் தொடவில்லை. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை.

மொத்தம் ஏறக்குறைய 1,400 நெகட்டிவ்கள். தரையில் ஒரு டிரங்குப் பெட்டி, அதன்மேல் இன்னொன்று. இரண்டிலும் கால் பிளேட் அளவு (ஏறக்குறைய 8×11 செ.மீ.) ஷீட் ஃபிலிமும் 120 ரோலில் (அகல ஃபிலிம் சுருள்) வெட்டிய துண்டுகளும் காக்கி உறைகளில் இருந்தன. பரணில் அட்டைப் பெட்டிகளுக்குள் 230 கண்ணாடி பிளேட்டுகள். இவை தவிர ஒரு பிஸ்கட் டின்னில் படம் எடுத்து முடித்தும் டெவலப் செய்யாமல் விட்ட மூன்று ரோல்கள்: ஓர்வோ 35 மி.மீ. ஒன்று, ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' 120 ரோல் இரண்டு.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்து சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி, டிசம்பர் 2, 3 தேதிகளில் கடலூரின் ஆற்றோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. இந்த வீட்டின் கீழ்த்தளத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. கீழ் டிரங்கில் பாதிக்குமேல் ஏறிவிட்டது. மேல் டிரங்கு நனையவில்லை.

5-ஆம் தேதி காலை: பெட்டியைத் திறந்தபோது

கீழ்ப் பெட்டியில் இருந்த 620 நெகட்டிவ்களில் 350 அளவுக்கு ஊறியிருந்தன. உறைகள் கூழாகி, பத்துப் பதினைந்து நெகட்டிவ்கள் ஒரே கட்டியாகச் சேர்ந்திருந்தன. ஓரங்களில் வண்டல். வெயிலில் பாய் விரித்துக் காயப்போடலாம் என்றுதான் வீட்டில் எல்லோருக்கும் முதலில் தோன்றியது. புதுச்சேரியில் டார்க் ரூம் வேலை தெரிந்த ஒருவரைப் பேத்தி போனில் பிடித்தார். "காய விடாதீங்க, ஈரத்தோடயே வைங்க, நான் வர்றேன்" என்றார் அவர்.

நெகட்டிவின் படம் இருப்பது பிளாஸ்டிக்கில் இல்லை, அதன்மேல் பூசிய ஜெலட்டினில். தண்ணீரில் ஊறினால் ஜெலட்டின் உப்பி மிருதுவாகும். அந்த நிலையில் இரண்டு நெகட்டிவ்கள் ஒன்றையொன்று தொட்டபடி காய்ந்தால் இரண்டு ஜெலட்டினும் ஒன்றாகிவிடும். பிறகு பிரித்தால் ஒன்றின் முகம் மற்றதோடு போகும். ஈரமாக இருக்கும்வரை பிரிக்க வழி உண்டு. அதே சமயம் நம்மூர் வெப்பத்தில் ஊறியே கிடந்தால் ஜெலட்டின் கரையத் தொடங்கும், பாக்டீரியா தின்னும். நனைந்ததிலிருந்து 48 மணி நேரத்துக்குள் கழுவி உலர்த்த வேண்டும் என்பது பொது விதி. இங்கே அந்தக் கெடு தாண்டிவிட்டது. எனவே எல்லாவற்றையும் காப்பாற்றும் பேச்சே இல்லை, இழப்பை எவ்வளவு குறைக்கலாம் என்பதுதான் கேள்வி.

மேல் டிரங்கைத் திறந்ததும் புளித்த வாடை மூக்கில் ஏறியது. உள்ளே அந்துருண்டைகள், சில உறைகளில் வெள்ளைப் பூஞ்சணம். ஆக மூன்று தனித்தனிச் சிக்கல்கள்: ஊறியவை, பூஞ்சணம் பிடித்தவை, பேஸ் (ஜெலட்டினைத் தாங்கும் பிளாஸ்டிக்) கெட்டு வினிகர் வாடை அடிப்பவை. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு விஷம். வந்தவர் முதல் வேலையாக அவற்றை மூன்று இடங்களில் வைத்தார். வாடை அடித்தவை காற்றோட்டமான திண்ணைக்குப் போயின.

பழைய சேகரிப்பு என்பதால் நைட்ரேட் ஃபிலிம் உண்டா என்பதையும் பார்த்தார்கள். நைட்ரேட் எளிதில் தீப்பிடிக்கும், அதை வீட்டில் வைப்பதே தவறு. ஓரத்தில் 'சேஃப்டி' என்று அச்சிட்டிருந்தால் பயமில்லை. அச்சு தெரியாத சிலவற்றில் பழுப்பேறிய பிசுபிசுப்போ கார நெடியோ இல்லை. கடை தொடங்கிய காலத்தையும் சேர்த்துப் பார்த்து, நைட்ரேட் இல்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். கொளுத்திப் பார்த்துச் சோதிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதை யாரும் செய்ய வேண்டாம்.

ஊறியவை: மீன் பெட்டியும் ஐஸும்

உடனே எல்லாவற்றையும் கழுவ ஆள் இல்லை, இடமும் இல்லை. ஃபிலிமை உறைய வைத்துவிட்டுப் பிறகு சிறிது சிறிதாக எடுப்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைதான் (கண்ணாடி பிளேட்டை மட்டும் உறைய வைக்கக் கூடாது). ஆனால் தெருவில் மின்சாரம் வரவில்லை. எனவே கடலூர் முதுநகர் துறைமுகத்திலிருந்து மூன்று தெர்மாகோல் மீன் பெட்டிகளும் ஐஸும் வந்தன. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாக்களில் சுத்தமான தண்ணீரை ஊற்றி, கட்டிகளை அப்படியே அதில் அமிழ்த்தி, டப்பாவைச் சுற்றி ஐஸ் போட்டார்கள். ஐஸ் நேராக நெகட்டிவைத் தொடவில்லை. டப்பாத் தண்ணீர் 12 முதல் 15 டிகிரி வரை நின்றது. இதனால் இன்னும் ஒன்றரை நாள் அவகாசம் கிடைத்தது.

ரிஜிஸ்டரும் நனைந்திருந்தது. பக்கங்கள் ஒட்டுவதற்கு முன் பேத்தி ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்தார். இது சின்ன வேலை போலத் தெரியும். ஆனால் எண், பெயர், தேதி போய்விட்டால் மீதமிருப்பது யாரென்று தெரியாத முகங்கள் மட்டுமே. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் ஆவணக் காப்புத் திட்டம் ஒன்றின் உதவியோடு தமிழகத்தின் பழைய ஸ்டூடியோ படங்களை எண்ணிமமாக்கியிருக்கிறது. அப்படிப்பட்ட இடத்துக்கு நாளை கொடுப்பதானாலும் ரிஜிஸ்டர்தான் முதலில் கேட்கப்படும்.

கழுவும் முறை இது. ஒரு தடவைக்கு 25 நெகட்டிவ், எண் வரிசையில். மூன்று டிரே, மூன்றிலும் ஆர்.ஓ. கேன் தண்ணீர், 18 டிகிரிக்குக் கீழே. வீட்டு போர் தண்ணீர் உப்பாக இருந்ததால் அதைத் தொடவில்லை. முதல் டிரேயில் கட்டியை அமிழ்த்தி, உறைக் கூழ் தானாக மிதந்து வர விட்டார்கள். ஓரத்தைப் பிடித்து லேசாக ஆட்டினால் பெரும்பாலானவை நழுவிப் பிரிந்தன. நழுவாததை இழுக்கவில்லை, பத்து நிமிடம் விட்டு மறுபடி பார்த்தார்கள். இரண்டு தடவைக்குமேல் அசையாத கட்டி தனி டப்பாவுக்குப் போனது. இரண்டாம் டிரேயில் வண்டல் போக அலசல். விரலால் தேய்ப்பது கிடையாது, ஊறிய ஜெலட்டினில் நகம் பட்டால் அது வழித்துக்கொண்டு வரும். மூன்றாவதில் லிட்டருக்கு 5 மி.லி. போட்டோ-ஃப்ளோ (நீர்த்துளி தங்காமல் வழிந்தோட வைக்கும் திரவம்), அரை நிமிடம். ஷாம்பூ, பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம். அவற்றின் மணமும் நிறமும் ஜெலட்டினில் தங்கும்.

இரண்டாம் டிரேத் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறியதைப் பார்த்துப் பேத்தி பயந்துபோனார். அந்த ஸ்டூடியோவில் டச்சிங் (நெகட்டிவ்மேல் பென்சிலாலும் சாயத்தாலும் படத்தைத் திருத்தும்) வேலை பார்த்த பெரியவர் செய்தி கேட்டு வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நெகட்டிவ் ஒன்றை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பின்னணிய மறைக்கப் பூசுற செவப்புதாம்மா இது, தண்ணியில போயிடும். பென்சில் நிக்கும். மூஞ்சி இருக்குல்ல, விடு." அவர் சொன்னது சரி. சிவப்பு மறைப்பு நீரில் கரையும் சாயம். கன்னத்திலும் கண்ணுக்கடியிலும் போட்ட பென்சில் கோடுகளோ வார்னிஷ் போன்ற ஒரு பூச்சின்மேல் இருப்பவை, குளிர்ந்த நீரில் பெரும்பாலும் தாங்கும். ஏற்கெனவே ஊறிவிட்டவற்றில் சிவப்பைக் காப்பாற்ற வழியில்லை. ஆனால் பெரியவர் சொன்ன இந்த ஒரு சொல், அடுத்து மேல் டிரங்கில் எடுத்த முடிவுகளை மாற்றியது.

உலர்த்துவதற்கு உறவினர் வீட்டு ஏ.சி. அறை. டிரை மோடில் வைத்ததும் ஈரப்பதம் 80-க்குமேல் இருந்தது 55 சதவீதத்துக்கு இறங்கியது. நைலான் கயிறு, பிளாஸ்டிக் கிளிப், படத்துக்கு வெளியே உள்ள ஓரத்தில் ஒரு மூலையில் மட்டும் பிடி. மின்விசிறியை நேராகத் திருப்பவில்லை, தூசு வந்து ஒட்டும். ஹேர் டிரையரும் வெயிலும் கூடாது. சூடு ஒருபக்கம் வேகமாகக் காய வைத்து நெகட்டிவைச் சுருட்டிவிடும். அறைத் தரையை முதலில் ஈரத்துணியால் துடைத்ததால் தூசுத் தொல்லை குறைந்தது.

பூஞ்சணம் பிடித்தவை

மேல் டிரங்கில் ஏறக்குறைய 130 நெகட்டிவ்களில் பூஞ்சணம். கழுவும் டிரே பக்கத்திலேயே இருந்ததால் இவற்றையும் அலசிவிடலாம் என்ற பேச்சு வந்தது. அலசியிருந்தால் மொத்தமும் போயிருக்கும். பூஞ்சணம் ஜெலட்டினைச் செரித்துத் தின்கிறது. தின்ற இடத்தில் மிஞ்சும் ஜெலட்டின் தண்ணீரில் கரையும் தன்மைக்கு வந்துவிடும். பார்வைக்கு லேசான வலைப்பின்னல் போலத்தான் தெரியும், தண்ணீர் பட்டதும் அந்த இடம் வழிந்துவிடும். படம் இல்லாத ஓரத்தில் ஈரப் பஞ்சைத் தொட்டு ஒரு நெகட்டிவில் சோதித்தார்கள். பஞ்சில் பிசின் ஒட்டியது. அதோடு தண்ணீர்ப் பேச்சு முடிந்தது.

முதலில் ஒரு வாரம் அதே ஏ.சி. அறையில் 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்தார்கள். பூஞ்சணம் வளர 65 சதவீதத்துக்குமேல் ஈரப்பதம் வேண்டும். அதற்குக் கீழே வைத்தால் அது சாகாது, ஆனால் உறங்கிவிடும். உலர்ந்து தூளான பிறகு வெளித் திண்ணையில், என்95 முகக்கவசமும் நைட்ரைல் கையுறையும் போட்டு, மெல்லிய தூரிகையால் தட்டி எடுத்தார்கள். வீட்டுக்குள் இதைச் செய்தால் வித்து மற்றவற்றின்மேல் போய் உட்காரும்.

அடுத்து ஐசோபுரோபைல் ஆல்கஹால், 99 சதவீதம். பேஸ் பக்கம் தாராளமாக. எமல்ஷன் (படம் உள்ள ஜெலட்டின்) பக்கம், டச்சிங் இல்லாதவற்றில் மட்டும், பஞ்சு தொட்டு எடுக்கும் அளவுக்கு. டச்சிங் உள்ளவற்றின் எமல்ஷன் பக்கம் எந்தத் திரவமும் படக் கூடாது. பென்சிலைத் தாங்கும் அந்தப் பூச்சு ஆல்கஹாலில் இளகும். எமல்ஷன் பக்கத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் டச்சிங் இடம் மட்டும் வேறு மாதிரி மினுங்கும். பெரியவர் ஒருநாள் முழுக்க உட்கார்ந்து 130-ஐயும் இப்படிப் பார்த்து இரண்டாகப் பிரித்துக் கொடுத்தார்.

இங்கே ஒரு விபத்து. 99 சதவீதம் தீர்ந்ததும் வீட்டில் ஒருவர் மருந்துக்கடையிலிருந்து 70 சதவீதம் வாங்கி வந்தார். மீதி 30 சதவீதம் தண்ணீர். ஒரு திருமண ஜோடியின் நெகட்டிவில் மணப்பெண்ணின் தோள் பகுதி பஞ்சோடு வந்துவிட்டது. பாட்டில் இரண்டும் ஒரே மாதிரி, பெயரும் ஒன்று. அன்றே அந்த பாட்டில் வீட்டைவிட்டுப் போனது.

அந்துருண்டை பற்றி ஒரு வார்த்தை. அது பூச்சியை விரட்டும், பூஞ்சணத்தைத் தடுக்காது. அதன் ஆவி குளிர்ந்து நெகட்டிவ்மேலேயே படிகமாகப் படிவதுண்டு. எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள்.

வினிகர் வாடை

அசிட்டேட் ஃபிலிமின் பேஸ் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளியாகிறது. அந்த அமிலமே மேலும் சிதைவைத் தூண்டும். மூடிய பெட்டிக்குள் அமில ஆவி வெளியேற இடமில்லாமல் நல்ல நெகட்டிவ்களையும் பிடித்துக்கொள்ளும். இரும்பு டிரங்கில் பத்திரமாகப் பூட்டி வைத்ததுதான் இங்கே சேதத்தை வேகப்படுத்தியது. வாடை மூக்குக்குத் தெரியும் நேரத்தில் சிதைவு பாதி வழி வந்திருக்கும்.

அமில அளவைக் காட்டும் நிறத்தாள் கைவசம் இல்லை. எனவே கண்ணால்தான் தரம் பிரித்தார்கள். வாடை மட்டும் உள்ளவை ஒரு பக்கம். வளைந்து விறைத்தவை அடுத்தது. பேஸ் சுருங்கி, எமல்ஷன் சுருங்காமல், மேற்பரப்பு வாய்க்கால் வாய்க்காலாகத் தூக்கியவை கடைசி. சில ஷீட்டுகளில் நீல நிறமும் தெரிந்தது. ஃபிலிமின் பின்பக்கச் சாயம் அமிலத்தால் மீண்டும் நிறம் பெறுவது அது. மொத்தம் 90 ஷீட்டுகள், அவற்றில் 20 கடைசி நிலை.

கெட்டதைத் திருப்ப முடியாது, வேகத்தைக் குறைக்கலாம். எனவே இந்த 90-ஐத்தான் முதலில் டிஜிட்டலாக எடுத்தார்கள்: எல்.இ.டி. லைட் பேட், ஸ்டாண்டில் செங்குத்தாகக் கேமரா, மேக்ரோ லென்ஸ், ரா ஃபைல். வளைந்தவற்றின்மேல் கண்ணாடி வைத்து அமுக்கவில்லை, விறைத்த எமல்ஷன் நொறுங்கும். வளைவோடே நான்கைந்து ஃபோகஸில் எடுத்துக் கணினியில் சேர்த்தார்கள்.

டெவலப் ஆகாத மூன்று ரோல்கள்

இவற்றுக்கு 2025 ஜனவரி வரை யாருக்கும் நேரமில்லை. டின் ஈரம் படாத இடத்தில் இருந்தது, ஆனால் மூடி துருப்பிடித்திருந்தது. ஊரில் மிச்சமிருக்கும் லேப் ஒன்றில் கொடுக்கலாம் என்றார் மகன். அங்கே ஓடுவது கலர் ஃபிலிமுக்கான சி-41. அதில் பிளீச் வெள்ளியை முழுவதும் எடுத்துவிடும். கறுப்பு வெள்ளைப் படத்தில் வெள்ளிதான் படம். எனவே வீட்டில் செய்வதென்று முடிவாயிற்று.

டெவலப்பர் டி-76, கையால் கலந்தது. 750 மி.லி. ஆர்.ஓ. தண்ணீரை 50 டிகிரிக்குச் சூடாக்கி, மெட்டால் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம், இதே வரிசையில், ஒன்று முழுவதும் கரைந்த பிறகே அடுத்தது. கடைசியில் 1 லிட்டர் ஆக்கி ஒரு நாள் ஆறவிட்டார்கள். மெட்டால் சல்ஃபைட் மிகுந்த நீரில் கரையாது. அதனால்தான் அது முதலில். ஆனாலும் ஒரு சிட்டிகை சல்ஃபைட்டை முன்னால் போட்டால் மெட்டால் காற்றில் பட்டுப் பழுப்பாவது குறையும். பழைய ஃபிலிமில் வெளிச்சம் படாத இடமும் கறுக்கும். அதை அடக்க பென்சோட்ரையசோல் 1 சதவீதக் கரைசல் லிட்டருக்கு 15 மி.லி.

நம்மூரில் வீட்டு டெவலப்பிங் கெட்டுப்போவதற்குத் தலையாய காரணம் வெப்பம். தொட்டித் தண்ணீர் ஜனவரியிலேயே 27 டிகிரி. அந்த வெப்பத்தில் பழைய ஜெலட்டின் ஓரத்திலிருந்து உரியும். டெவலப்பரை மட்டும் 20-க்குக் குளிர்வித்து, குழாய்த் தண்ணீரில் கழுவினாலோ திடீர் வெப்ப மாற்றத்தில் எமல்ஷன் முழுவதும் நுண்ணிய விரிசலாகிவிடும். ஓடும் குழாயைக் குளிர்விப்பது முடியாத காரியம். ஆனால் கணக்குப் போட்டால் ஒரு 120 ரோலுக்கு ஒரு தடவைக்கு 500 மி.லி.தான் வேண்டும் (35 மி.மீ.க்கு 290). ஊறவைத்தல், டெவலப்பர், நிறுத்தம் (டெவலப்பரின் வேலையை நிறுத்தும் குளியல்), ஃபிக்ஸர் (படத்தை நிலைப்படுத்தும் கரைசல்), கழுவல் எல்லாம் சேர்த்து 6 லிட்டருக்குள் முடியும். எல்லாவற்றையும் பாட்டில்களில் நிரப்பி ஒரே பிளாஸ்டிக் டப்பில் நிறுத்தி, உறையவைத்த தண்ணீர் பாட்டில்களை இடையில் செருகி, டப்பையே 20 டிகிரிக்குக் கொண்டுவந்தார்கள். டெவலப்பரில் ஐஸ்கட்டி போடுவது நீர்த்துப்போக வைக்கும் வேலை, யாரும் செய்யக் கூடாது.

ஃபிக்ஸர் கோடாக் எஃப்-5 வகை: லிட்டருக்கு ஹைப்போ (சோடியம் தயோசல்ஃபேட்) 240 கிராம், சல்ஃபைட் 15, 28 சதவீத அசிட்டிக் அமிலம் 48 மி.லி., போரிக் ஆசிட் 7.5, பொட்டாஷ் படிகாரம் 15. படிகாரம் ஜெலட்டினை இறுக்கும், அதற்காகவே இதைத் தேர்ந்தார்கள். இறுகிய ஜெலட்டினிலிருந்து ஹைப்போ மெதுவாகத்தான் வெளியேறும். டேங்கை 5, 10, 20 தடவை கவிழ்த்து மூன்று முறை தண்ணீர் மாற்றும் சிக்கன முறை படிகாரம் இல்லாத ஃபிக்ஸருக்கு உரியது, இங்கே போதாது. எனவே இடையில் 2 சதவீத சல்ஃபைட் நீரில் 2 நிமிடம், பிறகு ஆறு முறை தண்ணீர் மாற்றம், ஒவ்வொன்றிலும் 5 நிமிட ஊறல்.

ஓர்வோ ரோலை முதலில் எடுத்தார்கள். சேஞ்சிங் பேக்குக்குள் (கைவிட்டு வேலை செய்யும் ஒளிபுகாத பை) ஐந்து செ.மீ. துண்டை வெட்டி 8 நிமிடம் சோதனை. கறுப்பேறியிருந்தாலும் ஓர எழுத்துகள் படிக்க முடிந்தது. மீதிக்கு 9 நிமிடம் கொடுத்தார்கள், முதல் அரை நிமிடம் தொடர்ந்து கவிழ்த்தல், பிறகு நிமிடத்துக்குப் பத்து நொடி. சேஞ்சிங் பேக்கில் கை வியர்த்தால் பிளாஸ்டிக் ரீலில் ஃபிலிம் சிக்கும். ஏ.சி. அறையில் செய்ததால் அந்தத் தொல்லை இல்லை. படங்கள் வந்தன: தேர்த் திருவிழாக் கூட்டம், வடம் பிடிப்பவர்கள், ஒரு கடை வாசல். ஓரங்களில் புகை மூட்டம், நடுவில் தெளிவு.

முதல் 120 ரோலில் பின்தாள் (ஃபிலிமோடு சேர்த்துச் சுற்றிய காகிதம்) சில இடங்களில் ஒட்டியிருந்தது. 12 கட்டங்களில் 7 பயன்படும். நான்கில் பின்தாளின் எண்களும் புள்ளிகளும் படத்தின்மேல் பதிந்திருந்தன. ஒன்றில் எதுவும் இல்லை. இரண்டாம் 120 ரோல் முற்றிலும் போயிற்று. முன்னூறலில் (டெவலப்பருக்கு முன் ஊறவைக்கும்போது) ஊற்றிய தண்ணீர் வெளியே வரும்போதே பால்போலக் கலங்கி வந்தது, ஃபிக்ஸருக்குப் பிறகு ரீலில் இருந்தது வெறும் பிளாஸ்டிக். டின்னில் துரு இருந்த பக்கம் இந்த ரோல்தான் கிடந்திருக்கிறது. ஈரம் ஏறிப் பூஞ்சணம் தின்ற ஜெலட்டின் முதல் தண்ணீரிலேயே கரைந்துவிட்டது.

பயன்படுத்திய ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கும். கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றாமல் கேனில் லேபிள் ஒட்டி, ஸ்டீல் உல் போட்டு வெள்ளியைப் படியவைத்தார்கள்.

வைத்துக்கொள்ளும் ஏற்பாடு

பழைய காக்கி உறைகள் போயின. எண்ணை மட்டும் பென்சிலில் புது உறைக்கு மாற்றினார்கள். நல்ல நெகட்டிவ்களுக்குப் பாலிபுரோப்பிலீன் உறை. புது ரெயின்கோட் வாடை அடிக்கும் உறை பி.வி.சி., அது கூடாது. கிளாசின் தாளும் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி பிளேட்டுகள் நான்கு மடிப்புத் தாளில், படுக்க வைக்காமல் நீள ஓரத்தில் நிறுத்தி.

பெட்டிகள் ரப்பர் ஓரமுள்ள 20 லிட்டர் பிளாஸ்டிக் டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் 250 கிராம் ஆரஞ்சு சிலிகா ஜெல், ஒரு டிஜிட்டல் ஈரமானி. ஆரஞ்சு பச்சையானால் 120 டிகிரி ஓவனில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் மறுபடி வேலை செய்யும். ஈரமானியின் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. ஒரு மூடியில் கல் உப்பைச் சேறுபோல நனைத்து, ஈரமானியோடு ஜிப் கவரில் ஆறு மணி நேரம் அடைத்தால் 75 காட்ட வேண்டும். இங்கே வாங்கிய நான்கில் ஒன்று 68 காட்டியது, அதில் 7 கூட்டி எழுதி ஒட்டினார்கள். இலக்கு 40 முதல் 45 சதவீதம். ரொம்ப உலர்ந்தால் ஜெலட்டின் விறைத்து வெடிக்கும்.

வினிகர் வாடை உள்ளவை இந்த டப்பாக்களுக்குள் போகவில்லை. குடும்பம் முக்கியம் என்று கருதிய 60 ஷீட்டுகளை 40 சதவீதத்தில் பக்குவப்படுத்தி, ஈரம் காட்டும் அட்டையோடு இரட்டை ஜிப் கவரில் போட்டு ஃப்ரீசரில் வைத்தார்கள். எடுக்கும்போது கவரைப் பிரிக்காமல் ஒரு பகல் வெளியே வைத்த பிறகே திறக்க வேண்டும், இல்லையென்றால் நீர் கோத்துக்கொள்ளும். மற்ற 30 தாள் உறையில், துளையிட்ட அட்டைப் பெட்டியில், மாடி அறை அலமாரியில்.

விளைவு

ஊறிய 350-இல் 290 பிரிந்து படத்தோடு நிற்கின்றன, அவற்றில் பலவற்றில் சிவப்பு மறைப்பு இல்லை. 22-இல் ஜெலட்டின் போய்விட்டது. 38 பிரியாத கட்டிகளாகவே உலர்ந்திருக்கின்றன. பூஞ்சணம் பிடித்தவற்றில் 70 சதவீத ஆல்கஹாலுக்குப் பலியான ஒன்று தவிர மற்றவை கூடுதல் சேதம் இல்லாமல் இருக்கின்றன. கண்ணாடி பிளேட்டுகளில் இழப்பு இல்லை. பரண் சூடு அவற்றைப் பெரிதாகத் தொடாதது ஓரளவு அதிர்ஷ்டம்தான்.

அடுத்த மழைக்காலம் முடிந்து பார்த்தபோது டப்பாக்களில் புதுப் பூஞ்சணம் இல்லை. ஒரு டப்பாவின் ரப்பர் ஓரம் சரியாக உட்காராமல் ஈரம் 62-க்கு ஏறியிருந்தது. துளையிட்ட பெட்டியில் வைத்த 30-இல் ஐந்து, வளைவு நிலையிலிருந்து வாய்க்கால் நிலைக்கு இறங்கிவிட்டன. ஃப்ரீசரில் உள்ளவற்றில் மாற்றம் இல்லை.

மாற்ற வேண்டியவை

வாடை அடிக்கும் 90-ஐயும் ஃப்ரீசரில் வைத்திருக்க வேண்டும். இடமில்லை என்பதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. கால் பிளேட் ஷீட் 30 சேர்ந்தாலும் ஒரு நோட்டுப்புத்தக அளவுதான். மின்வெட்டு பயமும் மிகையானது. மூடியே வைத்த ஃப்ரீசர் சில மணி நேரம் தாங்கும், அதற்குமேல் உருகினாலும் இரட்டைக் கவருக்குள் ஈரம் போகாது.

120 ரோல்களில் சோதனைத் துண்டு வெட்டாதது தவறான சிக்கனம். ஒரு கட்டத்தை வெட்டிவிடுவோமோ என்ற பயம் இருந்தது. எடுத்து முடித்த 120 ரோலில் வெளிச் சுற்றில் இருப்பது ஃபிலிமின் ஒட்டாத முனை. பன்னிரண்டாம் கட்டத்துக்கு அப்பால் அங்கே வெற்றிடம் உண்டு, இருட்டில் இரண்டு செ.மீ. வெட்டினால் படத்தைத் தொடாது. அந்தத் துண்டை 20 டிகிரித் தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து விரலால் தொட்டிருந்தால் ஜெலட்டின் நிற்குமா என்று தெரிந்திருக்கும். நிற்காது என்றால் முன்னூறலைத் தவிர்த்து, லிட்டருக்கு 30 கிராம் குரோம் படிகாரமும் 60 கிராம் சோடியம் சல்ஃபேட்டும் கலந்த இறுக்கும் குளியலை டெவலப்பருக்கு அடுத்துக் கொடுத்துப் பார்த்திருக்கலாம். இரண்டாம் ரோல் அதிலும் தப்பியிருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் டெவலப் செய்யாமலே வைத்துவிடும் முடிவாவது கையில் இருந்திருக்கும்.

பிரியாத கட்டிகளில் உள்ள 38 நெகட்டிவ்களை வீட்டில் மறுபடி ஊறவைக்க வேண்டாம் என்று டார்க் ரூம்காரர் சொல்லியிருக்கிறார். அவை எண் எழுதிய தாள் உறையில் தனி டப்பாவில் இருக்கின்றன. ரிஜிஸ்டரின் போன் படங்களில் அந்த எண்களுக்கு நேரே பேத்தி சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறார்.